நாற்பத்தோராவது மாடிக்கு ஏறியது யார்

1

இந்தக் கதை ஒரு தாமதத்தால் கிடைத்தது. நான் ஒரு வார இதழுக்குப் பேட்டிகள் எடுத்து எழுதுகிறவன். பேட்டியின் ஒலிப்பதிவை ஓர் அம்மையாருக்கு அனுப்புவேன். அவர் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்து தருவார். பெரும்பாலும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். நடுவில் நான் ஒருவன். மேசைக்கு அடியில் அவருக்கு ஒரு பெடல் இருக்கிறது. வலது காலால் அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். கைகள் விசைப்பலகையை விட்டு நகரவே வேண்டாம். எனக்குச் செய்துதரும் இந்தப் பதினோரு ஆண்டுகளில் அவர் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை.

சென்ற சனிக்கிழமை மதியம் பக்கங்களை வாங்கப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே, நாற்பதைத் தாண்டிய ஓர் ஆணும் பெண்ணும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு நத்தை தோளில் தபால் பையுடன் (நத்தைக்குத் தோள் கிடையாது, கூட்டின் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்) படியேறிக்கொண்டிருந்தது.

"பாதிதான் சார் முடிஞ்சுது," என்றார் அம்மையார் திரும்பாமலேயே. "ஒரு வாரமா இந்த நத்தை எந்திரிக்கவே இல்ல. இப்பதான் எந்திரிச்சுது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் அவருடைய தம்பி என்று தெரிந்தது. நடந்ததையெல்லாம் சொன்னார்கள். இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேர் போடக்கூடாது," என்றார் தம்பி.

"நான்தான் டைப் பண்ணுவேன்," என்றார் அக்கா. "வழக்கம்போல பேசி அனுப்புங்க. கேட்டதைக் கேட்டபடி பண்ணுவேன். தப்பா இருந்தா பக்கத்துலயே சொல்லிடுவேன்."

ஆகவே வாசகரே, நான் இதை எழுதவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன். பாதியில் விட்ட வாக்கியமும் அப்படியே உங்களிடம் வந்து சேரும். சதுர அடைப்புக்குள் இருப்பது அக்காவுடையது.

[சரி சார். ஆரம்பிங்க.]

2

தொடக்கம். "உறைந்து நின்ற அந்த நத்தையின் ஒற்றைக் கண்ணில் காலம் தன் முகத்தை—"

வேண்டாம். ஒரு நத்தை சுமக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் அளவு இருக்கிறது.

[நல்ல வேளை.]

வேறு தொடக்கம். "மனிதன் இயந்திரத்தைப் படைத்தான். ஆனால்—"

இதுவும் வேண்டாம். நேராக மாமா வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அந்தக் குடும்பம் ஆண்டுக்கு நாலைந்து முறை மாமா வீட்டில் கூடும். சாப்பாடு முடிந்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டதும், மாமா ஆரம்பிப்பார்: "டேய் சூறாவளி, அந்த நாப்பத்தொண்ணைச் சொல்லுடா." தம்பி கூச்சத்தோடு மறுப்பார். இரண்டாவது முறை கேட்டதும் சொல்வார். ஐம்பது மாடிக் கட்டடம்; நத்தை ஒரு தபால்காரர்; ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கடிதம். படியில் உப்பு கொட்டியிருக்கும். சன்னலில் பறவை காத்திருக்கும். அந்தத் தெருவில் கணினி வைத்திருந்த மற்ற நாலு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூட இருபத்தைந்தாவது மாடியைத் தாண்டியதில்லை. தம்பி பதினாறு வயதில் நாற்பத்தொன்றுக்குப் போனார். விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் சூறாவளி. குடும்பத்தில் இன்றைக்கும் அதுதான் பெயர்.

கதை நடக்கும்போது அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். இருபத்தாறு ஆண்டுகளாகப் போகிறார். அவ்வளவு கோப்பைகள் அந்த வீட்டில் கிடையாது.

3

அக்காவின் நினைவில் இருப்பது வேறு. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது.

[பதினெட்டே முக்கால்.]

பதினெட்டே முக்கால் வயது. தம்பிக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அம்மாவும் மாமாவும் அழைத்துப் போயிருந்தார்கள். வீட்டில் அக்கா மட்டும். கணினி வாங்கியதிலிருந்து முழுதாக ஓர் ஆட்டம் அவர் ஆடியதில்லை. நத்தை செத்தால் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தம்பியின் நத்தை சாகவே சாகாது. போதாக்குறைக்கு, "அக்கா தொட்டா மெஷின் படுத்துடும்" என்று வீட்டில் ஒரு பேச்சு. மிக்ஸி, ரேடியோ, ஒருமுறை அடுத்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் வரைக்கும் அவர் தலையில் போட்டிருந்தார்கள்.

அன்று அவர் ஏறினார். அவசரப்படவில்லை. பறவை திரும்பும் வரை காத்திருந்து, உப்பு கரையும் வரை காத்திருந்து, ஏறினார். நத்தையிடம் வேகம் கேட்பவர்கள்தான் இருபத்தைந்தில் விழுந்தார்கள் என்பது அவருடைய கருத்து. நாற்பத்தோராவது மாடியில் பறவை கொத்தியது. பட்டியலில் போட விளையாட்டு பெயர் கேட்டது. வாசலில் செருப்புச் சத்தம். அவர் பார்க்காமல் ஒரு விசையைத் தட்டிவிட்டு எழுந்தார். கடைசியாக ஆடியவரின் பெயரைத்தான் அந்த விளையாட்டு தானாகவே நிரப்பி வைக்கும் என்பது அந்த நொடியில் அவருக்கு நினைவில்லை.

முதலில் உள்ளே வந்த மாமா திரையைப் பார்த்தார். முதல் வரி: சூறாவளி, 41. "டேய், எப்படா ஏறினே?" என்று தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார். தம்பி தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் அக்காவைக் குழப்பியது. காலையில் இவனே ஏறிவிட்டானோ? நான் ஏறியது முப்பத்தொன்பதோ? அன்று வாய் திறக்கவில்லை. ஓராண்டு கழித்துத் திறந்தால் பொறாமை என்பார்கள். பத்தாண்டு கழித்தால் பைத்தியம் என்பார்கள். பிறர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பிசகாமல் பதிவு செய்து சம்பாதிக்கிறவருக்கு, தன் வாழ்க்கையில் ஒரே ஒரு மதியம் மட்டும் உறுதியாகத் தெரியவில்லை.

[இதை நான் இவ்வளவு அழகா சொல்லல சார். "எரிச்சலா இருக்கும்"னுதான் சொன்னேன்.]

எரிச்சலாக இருக்கும். அதுவே சரி.

4

சென்ற மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு குறுந்தட்டு கிடைத்தது. பழைய கணினியை விற்கும் முன் அதில் இருந்த எல்லாவற்றையும் அக்காவே அதில் பதிந்து வைத்திருந்தார். விளையாட்டின் கோப்புறையும் இருந்தது. மதிப்பெண் கோப்பைத் தனியாகத் திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. விளையாட்டு ஓடினால்தான் பட்டியலைப் படிக்க முடியும். படித்தால், பல் பிடுங்கிய அந்தத் தேதி பக்கத்திலேயே இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மாமா வீட்டில் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

வேலைக்கணினியில் போட்டார். இரண்டு முறை சொடுக்கினார். இசை வந்தது. நத்தை கூட்டிலிருந்து தலையை நீட்டி, ஒரு கண்ணைத் திறந்து, கொட்டாவிக்கு வாயைத் திறந்தது. கீழே நீலப் பட்டை முக்கால்வாசி நிரம்பியது.

அதோடு சரி.

நத்தை வாயைத் திறந்தபடியே நின்றது. அக்கா உட்கார்ந்தபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தார். ஒரு சிறுநீரக மருத்துவரின் அறிக்கையை மனத்துக்குள் தொகுத்துவிட்டுப் பார்த்தார். வாய் திறந்தே இருந்தது.

ஒரு வாரம், தினமும் மதிய இடைவேளையில், அதே நாற்காலியில். பழைய கணினி மாதிரி நடி என்று சொல்கிற அமைப்பை மாற்றினார். ஒலிபெருக்கியைக் கழற்றினார். அச்சு இயந்திரத்தைக் கழற்றினார். இணையத்தைத் துண்டித்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். கணினியின் தேதியை இருபத்தாறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளினார். நத்தை மசியவில்லை, ஆனால் தேதியைத் திருப்பி வைக்க மறந்து அன்று மாலை அனுப்பிய அறிக்கை, அதை வாங்கிய இளம் மருத்துவர் பள்ளிக்கூடமே போகாத காலத்துத் தேதியோடு போய்ச் சேர்ந்தது.

[அவர் இன்னும் கேக்கறார்.]

இணையத்தில் பழைய விளையாட்டுக்காரர்கள் கூடுகிற ஓர் இடத்தில் விவரமாக எழுதி உதவி கேட்டார். மூன்று நாள் கழித்து ஒரே ஒரு பதில்: "எனக்கு ஓடுகிறது." உலகத்தில் உதவி கேட்டு எழுதப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும் கீழே இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு தனிக் கதை எழுத வேண்டும். அவருக்கு எல்லாமே ஓடுகிறது, அதைச் சொல்ல ஆள் தேடித் தெருத்தெருவாக—

இல்லை. நத்தைக்குத் திரும்புகிறேன். கடைசியில் அக்கா வேறு வழியில்லாமல் தம்பியை அழைத்தார். எதற்காக அந்தப் பட்டியல் வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். கதையின் கட்டமைப்புக்குத் தம்பி ஒரு திருடனாக இருந்தால் வசதி. முயன்று பார்த்தேன்: "ஏளனச் சிரிப்போடு உள்ளே நுழைந்த அவர்—"

[அவன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோட நுழைஞ்சான். வந்ததும் குளியலறைக் குழாயைச் சரி பண்ணான்.]

ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவரைத் திருடனாக்குவது கடினம். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவர். பன்னிரண்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. உட்கார்ந்தார், சொடுக்கினார். நத்தை கண்ணைத் திறந்தது, கொட்டாவி விட்டது, வாயை மூடியது. பட்டை நிரம்பியது. முதல் பக்கம் வந்தது.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்காதே," என்றார் அக்கா. "ஒரு வாரமா ஓடல. எந்திரி, நான் பாக்கணும்."

தம்பி பழக்கத்தில் விளையாட்டை மூடிவிட்டு எழுந்தார். அக்கா உட்கார்ந்து சொடுக்கினார். நத்தை வாயைத் திறந்தபடி நின்றது.

மறுபடி தம்பி. ஓடியது. மறுபடி அக்கா. நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே.

"சொல்லிடு," என்றார் அக்கா. "அக்கா தொட்டா மெஷின் படுத்துடும். சொல்லு. கேட்டு ரொம்ப நாளாச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"மூஞ்சி சொல்லுது."

"மெஷினுக்கு ஆள் அடையாளம் தெரியாதுக்கா. நான் போற எல்லா பில்டிங்லயும் ஒருத்தர் சொல்வார், அந்த மூணாவது மாடி அம்மா ஏறினாத்தான் லிஃப்ட் நிக்குதுன்னு. போய்ப் பார்த்தா அந்த அம்மா பை கதவு இடுக்குல இருக்கும். லிஃப்ட் கெட்டுப்போகல. அது காத்துக்கிட்டு இருக்கு. அவங்க பையை எடுக்கட்டும்னு."

"என்கிட்ட பை இல்ல."

"நீ அப்படியே உக்காரு. எதையும் மாத்தாதே." தம்பி சட்டைக் கையை மடித்தார். "எங்க வேலையில முதல்ல மேல பாக்க மாட்டோம். கீழ குழியிலதான் இறங்குவோம்." சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் நுழைந்தார்.

6

மேசைக்கு அடியில் அவர் கண்டது: பின்னிக்கிடந்த நாலு வயர்கள், கழற்றிப்போட்ட ஒலிபெருக்கி, தூசி, அந்தத் தூசிக்கு நடுவில் பளபளவென்று ஒரு பெடல், அதன் மேல் அக்காவின் வலது கால்.

"அக்கா, இது என்ன?"

"பெடல். ஆடியோ ஓட்டறதுக்கு."

"இப்ப ஆடியோ ஓடுதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அழுத்திக்கிட்டு இருக்கே?"

அக்கா குனிந்து பார்த்தார். உண்மையாகவே அழுத்திக்கொண்டிருந்தார். பதினெட்டு ஆண்டு வேலையில் அந்தக் கால் அவரைக் கேட்காமலேயே போய் அங்கே உட்காரக் கற்றுக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் பெடல் அழுந்தும். சாப்பாட்டு மேசையில்கூடத் தரையை அழுத்துவார் என்று—

[அது எங்க வீட்டுக்காரர் சொன்னது. கதைக்கு வேண்டாம்.]

"காலை எடு," என்றார் தம்பி.

எடுத்தார். நத்தை கொட்டாவியை முடித்து வாயை மூடியது. பட்டை நிரம்பியது. முதல் பக்கம் வந்தது.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து விளக்கம் வந்தது. அந்தக் காலத்து விளையாட்டு. தொடங்கும்போதே ஜாய்ஸ்டிக், அதாவது ஆட்டக் கைப்பிடி, இருக்கிறதா என்று பார்க்கிறது. பெடலைப் பார்த்து அதுதான் ஜாய்ஸ்டிக் என்று நினைத்துக்கொள்கிறது. பொத்தான் அழுந்தியிருக்கிறது, சரி, விடட்டும், பிறகு தொடங்கலாம் என்று நிற்கிறது. ஒரு வாரம் முழுக்க நத்தை கெட்டுப்போகவில்லை. அக்கா காலை எடுக்கட்டும் என்று மரியாதையாக நின்றிருக்கிறது.

ஆறு வழிகளில் பழுது பார்த்த ஆறு முறையும் காலை அழுத்திக்கொண்டே பார்த்தவர் உலகத்தில் வேறு யாராவது இருக்க முடியுமா என்று யோசித்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர் மட்டும்தான் இருக்க முடியும்.

7

அக்கா பட்டியலைத் திறந்தார். தேதி இல்லை. பெயரும் மாடியும் மட்டும். பத்து வரிகள். பத்திலும் சூறாவளி. முதல் வரியில் 41. இரண்டாவதில் 38.

தம்பி இன்னும் மேசைக்கு அடியில்தான் இருந்தார். வந்ததுதான் வந்தோம் என்று வயர்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்.

அந்தப் பாதங்களைப் பார்த்து அக்கா கேட்டார். "முதல் வரி நீ ஏறினதா?"

வயர் சுருட்டும் சத்தம் நின்றது.

(இதை நான் ஒரு தோட்டத்தில் நடக்க வைத்திருந்தேன். இருவரும் நேருக்கு நேர் நின்று, காற்று வீச. பிறகு யோசித்தேன். நேருக்கு நேர் நின்றிருந்தால் அடுத்து வந்த சொல் வந்திருக்காது.)

"இல்லக்கா."

"தெரியுமா உனக்கு?"

"எனக்கு முப்பத்தெட்டுதான். அதுக்கு மேல ஒரு நாளும் போனதில்ல. அன்னைக்கு வந்து பாக்கறேன், என் பேர்ல நாப்பத்தொண்ணு. மாமா முதுகுல தட்டறார். இல்லன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் பூரா பஞ்சு. பாதி மூஞ்சி மரத்துக் கிடக்கு. சத்தமே வரல. தலை மட்டும் ஆடிச்சு."

"இல்லன்னும் தலையாட்டலாமே."

"அது அப்ப தோணல."

"பஞ்சை எப்ப எடுத்தே?"

"சாயங்காலம்."

"அப்புறம் இருபத்தாறு வருஷமா வாயில என்ன?"

"சாயங்காலத்துக்குள்ள மாமா ஊர் பூரா சொல்லிட்டார்க்கா." பாதங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "நீதான்னு எனக்குத் தெரியும். வீட்ல வேற யாரு இருந்தா. ஒவ்வொரு வாட்டியும் மாமா கேக்கும்போது நீ எந்திரிச்சுப் போவியா, அப்பாடான்னு இருக்கும். நீ உக்காந்திருந்தா என்னால சொல்லியிருக்க முடியாது."

இந்த இடத்தில் அக்கா அழுதார் என்று—

[இல்ல சார். சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். பஞ்சுன்னு சொன்னதுமே வந்துடுச்சு, அவன் சொல்லி முடிக்கட்டும்னு அடக்கிக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான், அப்ப நாப்பத்தொண்ணு நான்தான், எனக்குத் தப்பா நினைவில்லன்னு உறைச்சுது. அதுல மறுபடியும் சிரிச்சேன்.]

8

நான் போய்ச் சேர்ந்தது இதற்கு அரைமணி கழித்து. அதற்குள் அவர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் பெடலை அழுத்தினால் நத்தை மணியடிக்கிறது. மணியடித்தால் சன்னல் பறவைகள் பறந்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் ஜாய்ஸ்டிக் கிடையாது. ஆகவே நத்தையிடம் ஒரு மணி இருக்கிறது என்பதே இத்தனை ஆண்டுகளாக அவர்களுக்குத் தெரியாது. தம்பி விசைகளை எடுத்துக்கொண்டார், அக்கா பெடலை எடுத்துக்கொண்டார், நாற்காலியை இரண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

"அடிக்காதே, பறவை இன்னும் வரல."

"வரும்."

"எப்படித் தெரியும்?"

"நான் நாப்பத்தொண்ணு வரைக்கும் போனவ. பேசாம ஏறு."

அன்று முப்பத்துநாலில் விழுந்தார்கள். உப்பு. யார் குற்றம் என்பதில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். பட்டியலில் பத்தாவது வரி முப்பத்துமூன்றாக இருந்ததால் இடம் கிடைத்தது. பெயர்க் கட்டத்தில் சூறாவளி தானாக வந்து நின்றது. அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அவ்வளவு மெதுவாக அவர் ஒரு விசையைத் தட்டி நான் பார்த்ததில்லை. பிறகு "அக்கா" என்று அடித்தார்.

பத்தாவது வரி. அதற்கு மேல் ஒன்பது சூறாவளிகள். முதல் வரியை மாற்ற எந்த விசையும் இல்லை. அதை மாற்ற ஒரே வழி தம்பியின் வாய்.

9

முடிவுகள்.

அ) மாமா கேட்கிறார், தம்பி வழக்கம்போல் சொல்கிறார், அக்கா புன்னகையோடு மன்னித்து—

[மன்னிப்பெல்லாம் கிடையாது.]

ஆ) அக்கா கணினியோடு மாமா வீட்டுக்குப் போய் எல்லார் முன்னிலையிலும் நாற்பத்திரண்டு ஏறி—

[மானிட்டரை யார் தூக்கறது.]

இ) இதை நான் இப்போதுதான் சொல்கிறேன், அம்மையாரே, நீங்கள் முதன்முறையாகக் கேட்பது இது. நேற்று மாலை உங்கள் தம்பி என்னை அழைத்தார். ஒரு லிஃப்டின் கூரையில் நின்றுகொண்டு பேசினார், குரல் எதிரொலித்தது. "சார், ஞாயித்துக்கிழமை நான் சொல்லிடப் போறேன். எல்லார் முன்னாடியும். ஆனா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீங்க கதை எழுதறவர். முதல் வரி மட்டும் சொல்லிக் கொடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றார்.

[ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன் சார்.]

[நாலு நிமிஷம்.]

[ம். தொடருங்க.]

என்னிடம் முதல் வரிகளுக்குப் பஞ்சமில்லை. காலம் தன் முகத்தை என்று ஒன்று; மனிதன் இயந்திரத்தைப் படைத்தான் என்று ஒன்று. இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். "இப்படியெல்லாம் பேசினா மாமா டாக்டரைக் கூப்பிடுவார் சார்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையின் முடிவு என்பது அவர் அங்கே சொல்லப்போகும் முதல் வரிதான், அது எனக்கு வரவில்லை.

இந்த இதழ் சனிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். மாமா இதை வாங்குகிறவரா என்று கேட்டேன். குறுக்கெழுத்துப் போட்டிக்கு மட்டும் என்றார்கள். மாமா வீட்டில் சாப்பாடு முடிய ஞாயிறு மதியம் இரண்டு மணி ஆகும். அதுவரை நேரம் இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதான, கை நிறையத் தொழில் தெரிந்த, வேறு பொய் சொல்லிப் பழகாத, ஒரே ஒருமுறை தலையாட்டிவிட்ட ஒருவர், தன்னைக் கொண்டாடும் இருபது பேருக்கு நடுவில் எழுந்து நின்று முதலில் என்ன சொல்லலாம்? உங்களுக்குத் தோன்றுவதை எழுதி அனுப்புங்கள். சின்ன வாக்கியமாக இருக்கட்டும்.

[எனக்கும் தெரியல சார். எதுவா இருந்தாலும் சரி. கோப்பையெல்லாம் கிடக்கட்டும், நான் அவனுக்கு நேர் எதிர் நாற்காலியில உக்காரப் போறேன். அவன் முதல் வார்த்தையில தடுக்கினா ரெண்டாவதை நான் எடுத்துக் கொடுப்பேன்.]